கொழும்பில் தரம் 1 அனுமதி: எல்லைக்கோடு எங்கே, இங்கிலீஷ் மீடியம் எப்போது?

கல்வி அமைச்சின் தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கை வெளிவரும் காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளையுள்ள வீடுகளில் வேறு கதையே இருக்காது. "எங்கட லேன் அந்த ஸ்கூல் எல்லைக்குள்ள வருமா?", "பின் வீட்டுக்காரருக்குக் கிடைச்சுதாம், எங்களுக்கு ஏன் இல்லை?" இந்தச் சண்டைக்குள்ளேயே இங்கிலீஷ் மீடியம் வகுப்பை எந்தப் பாடசாலையில் வைப்பது என்ற வாக்குவாதமும் வந்து ஒட்டிக்கொள்ளும். இவை இரண்டும் வேறு வேறு விதிகள். குழப்பிக்கொண்டால் விண்ணப்பமும் பிழையாகும், கோபமும் பிழையான ஆளிடம் போகும்.

முதலில் எல்லை. இந்த வீதிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் இன்ன பாடசாலைக்கு என்று கொழும்பில் யாரும் கோடு கீறி வைக்கவில்லை. உள்ளது புள்ளிக் கணக்கு மட்டும்தான். அரசாங்கப் பாடசாலையின் தரம் 1 இடங்களில் 50 சதவீதம் அருகில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு, 25 சதவீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 சதவீதம் ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகளுக்கு. மிச்சம் கல்வித்துறையில் வேலை செய்பவர்கள் (5), இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்கள் (4), வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் (1) என்று பிரியும். ஆக, தகப்பன் படித்த பாடசாலை என்றால் அது ஒரு வழி, வீடு கிட்ட என்றால் அது இன்னொரு வழி. இரண்டும் பொருந்தினால் இரண்டிலும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள்.

வீட்டுக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். "ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறோம், கட்டாயம் கிடைக்கும்" என்பதெல்லாம் சும்மா பேச்சு. கேட்கும் பாடசாலையை விட உங்கள் வீட்டுக்குக் கிட்ட, உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசாங்கப் பாடசாலைகள் எத்தனை இருக்கின்றன என்றுதான் பார்ப்பார்கள். அப்படி ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். தூரம் அளப்பது நேர்கோட்டில். நடுவில் கால்வாய் இருந்து நீங்கள் பாலத்தைச் சுற்றித்தான் போகவேண்டும் என்றாலும் கோடு கால்வாய்க்கு மேலால் நேரே போகும். இதனால்தான் விவரம் தெரிந்த பெற்றோர் வரைபடத்தில் வீட்டை மையமாக வைத்து, கேட்கும் பாடசாலை வரைக்கும் ஒரு வட்டம் கீறி, உள்ளே என்ன என்ன விழுகிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

"சேர்க்கக்கூடிய" என்றால் என்ன? நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பிள்ளை படிக்கப் போகும் மொழிமூலம் அந்தப் பாடசாலையில் இருக்க வேண்டும், ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்பதும் பொருந்த வேண்டும். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு பையனுக்குத் தமிழ்மூலம் றோயல் கல்லூரி கேட்கிறீர்கள் என்று வையுங்கள். வழியில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி இருக்கிறது, தமிழ்மூலம் உள்ள இசிபத்தனவும் இருக்கிறது, ஆகவே புள்ளி கழியும். ஆனால் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி பெண்கள் பாடசாலை, அவனுக்கு அது கணக்கில்லை. சிங்களமூலம் மட்டும் உள்ள பாடசாலைகள் வீட்டு வாசலிலேயே இருந்தாலும் அவையும் கணக்கில்லை. அடுத்த வீட்டில் சிங்களமூலம் கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். ஒரே லேன், அடுத்தடுத்த கதவு, புள்ளி வேறு. "பின் வீட்டுக்காரருக்குக் கிடைத்ததாம்" என்ற ஆத்திரத்தில் பாதி இப்படித்தான் பிறக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு, இதைப் பலர் வெளியே பேசத் தயங்குகிறார்கள். 1960, 1961 சட்டங்களின் கீழ் அரசாங்கம் பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்ற நேரம் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் என்ன விகிதத்தில் இருந்தார்களோ அந்த விகிதத்தைப் பார்த்துத்தான் அனுமதி. அதனால் புள்ளி கூடிய பிள்ளை வெளியே நிற்க, குறைந்த பிள்ளை உள்ளே போவதும் நடக்கும். அது எப்போதும் கள்ளவேலை என்று அர்த்தமில்லை.

ஆவணங்கள் பற்றிச் சுருக்கமாக: வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடப் பதிவு, வீட்டு உறுதி அல்லது பதிந்த குத்தகை ஒப்பந்தம், மின்சார, தண்ணீர் பில்கள். சொந்த உறுதிக்கு இருக்கும் பெறுமதி வாடகைக்கு இல்லை, கொழும்பில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அதற்காக மாமா வீட்டு விலாசத்தில் பதிந்துவிட்டுக் கிருலப்பனையில் இருப்பது வேலைக்காகாது; சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் பார்க்க வருவார்கள், பொய் என்று தெரிந்தால் சேர்ந்த பிறகும் அனுமதி போய்விடும். எந்த ஆவணத்துக்கு எத்தனை புள்ளி என்பதை அந்த வருடத்துச் சுற்றறிக்கையிலேயே பாருங்கள், போன வருடம் அக்கா சொன்னதை நம்பாதீர்கள்.

சரி, இங்கிலீஷ் மீடியம். அரசாங்கப் பாடசாலையில் தரம் 1 இல் அது கிடையாது. அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை தரும் உரிமை சிங்களம் அல்லது தமிழ், இந்த இரண்டு தேசிய மொழிகளில் ஒன்றில் படிக்கும் உரிமை. ஆங்கில வகுப்பு என்று நாம் சொல்வது இருமொழிக் கல்வி. 2000களின் தொடக்கத்தில் வந்தது, தரம் 6 இலிருந்து ஆரம்பம். கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும், தமிழும் சமயமும் தமிழிலேயே. எல்லாப் பாடசாலையிலும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியத்தை நினைத்துப் பாடசாலை தேடுபவர்கள் ஆறு வருடம் முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான். இடையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும், தரம் 6 இல் வேறு பாடசாலைக்குப் போவதற்கான வெட்டுப்புள்ளியும் வந்து அந்தக் கணக்கைக் கலைக்கவும் கூடும்.

இந்த வகுப்பை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி. பெரிய பாடசாலைகளில்தான் ஆங்கிலத்தில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அங்கேயே நடக்கட்டும் என்பது ஒன்று. அப்படியென்றால் மட்டக்குளிப் பிள்ளை பஸ் ஏறிக் கொள்ளுப்பிட்டிக்கு வரவேண்டுமா என்பது மற்றது. எனக்கு இரண்டாவது கட்சிதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் ஆசிரியர் இல்லாமல் போர்டை மட்டும் மாட்டினால், பிள்ளை விஞ்ஞானத்தையும் விளங்காமல் ஆங்கிலத்தையும் விளங்காமல் ட்யூஷனுக்கு ஓட வேண்டியதுதான். உங்கள் பக்கத்துப் பாடசாலையில் கேட்கப் போனால் "வகுப்பு இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள், "கணிதம் யார் எடுக்கிறா, அவ இங்கிலீஷிலதான் எடுக்கிறாவா" என்று கேளுங்கள்.

முதலில் தற்காலிகப் பட்டியல் வரும், அப்போதே போய்ப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் மேன்முறையீடு, வேறொருவருக்குப் பிழையாகக் கிடைத்ததென்று தெரிந்தால் ஆட்சேபனை. இரண்டுக்கும் தவணை உண்டு, எழுத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அனுமதிக்காகக் காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அதற்கும் சரிவராமல் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போக நினைத்தால், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது.