சுண்டைக்காய் டிக்கெட்டும் சுமைகூலிக் கணக்கும்

நள்ளிரவு தாண்டி என் கைப்பேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் ஓரளவு தெரிந்துவிடும். “அக்கா, இறங்கிவிட்டோம். ஆனால் ஊருக்குள் போகும் கடைசி பஸ் புறப்பட்டுவிட்டதாம்.” பேசுபவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். பின்னணியில் இன்னும் நான்கு பேரின் குரல் கேட்கும். அதில் ஒருவர், டாக்சிக்காரர் கேட்ட தொகையை நம்பமுடியாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அது அவருடைய விமான டிக்கெட்டைவிட அதிகமாக இருக்கும்.

பயண ஏற்பாட்டுத் தொழிலில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டு மூன்று நாட்களில் ஒரு நகரத்தைப் பார்த்துத் திரும்பும் குறும்பயணங்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரியின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள், அல்லது முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்த்து ஆறு மாதம் ஆனவர்கள். இவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லவே முடியாது. என்னைவிட வேகமாக விலைகளை ஒப்பிடுவார்கள். நான் கேள்விப்படாத செயலிகளெல்லாம் வைத்திருப்பார்கள். ஆனாலும் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையில் போய் மாட்டிக்கொள்வது இவர்கள்தான். காரணம், தேடும்போது விலையை மட்டும் பார்க்கிறார்கள், மணியைப் பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் டிக்கெட் வெள்ளி நள்ளிரவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஞாயிறு அதிகாலை ஆறு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொள்கிறது. கையில் மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். விழித்திருக்கும் நேரம் சுமார் 14 மணி. இரண்டாவது டிக்கெட் ஒன்றரை மடங்கு விலை. ஆனால் வெள்ளி மாலையே ஊருக்குள் சேர்த்துவிட்டு, ஞாயிறு இரவுதான் அழைத்துவருகிறது. வெள்ளி ஐந்து மணி நேரம், சனி 14, ஞாயிறு ஒன்பது என்று மொத்தம் 28 மணி நேரம் கிடைக்கிறது. ஊரில் கழிக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். இரண்டாவது டிக்கெட்தான் கால் பங்கு மலிவு. அலுவலகத்துக்கு வருபவர்களிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினால் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். பிறகு, “இருந்தாலும் முதல் டிக்கெட் விலை நன்றாக இருக்கிறதே” என்பார்கள். மனித மனம் அப்படித்தான்.

விமான நிலையத்தின் பெயரை நம்பாதீர்கள் என்பதையும் நான் சலிக்காமல் சொல்லிவருகிறேன். பாரிஸ் பெயரில் டிக்கெட் விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஸ்டாக்ஹோமின் பெயரைத் தாங்கிய ஸ்காவ்ஸ்டா சுமார் 100 கிலோமீட்டர். ஃப்ராங்க்ஃபர்ட்-ஹான் இன்னும் மோசம், ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இதற்கு நடுவே வேறு நகரங்களே வந்துவிடும். இந்த நிலையங்களில் இறங்குவது தவறில்லை. பகலில் இறங்கி, பஸ் கட்டணத்தையும் ஒன்றரை மணி நேரத்தையும் முன்பே கணக்கில் சேர்த்திருந்தால் லாபமாகவே முடியலாம். ஒரே ஊருக்கு இரண்டு நிலையங்கள் இருந்தால் வரைபடத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். டோக்கியோவின் ஹனேடா நகர மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நரிட்டா 60 கிலோமீட்டருக்கு மேல். மிலானில் லினாட்டே ஊரை ஒட்டியே இருக்கிறது; மால்பென்சாவுக்கு சுமார் 50 கிலோமீட்டர் போகவேண்டும்.

இரவு பஸ்ஸில் போனால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம் என்பது அடுத்த பெரிய நம்பிக்கை. மிச்சம்தான். ஆனால் பஸ் காலை ஐந்து மணிக்கு இறக்கிவிடும்; விடுதியில் அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. இடையில் உள்ள அத்தனை மணி நேரமும் தூங்காத கண்ணோடும் தோளில் பையோடும் ஊரைச் சுற்றவேண்டும். அந்த நாளின் புகைப்படங்களில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. இரவு பஸ்தான் என்று முடிவு செய்துவிட்டால், அதிகாலையிலேயே பையை வாங்கி வைத்துக்கொள்ளவும், குளிக்கவும் அனுமதிக்கும் விடுதியைத் தேடி, மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பல விடுதிகள் மறுக்காமல் ஒப்புக்கொள்கின்றன. நாம்தான் கேட்பதில்லை.

எந்த ஊர் மலிவு என்று கேட்டு வருபவர்களிடம், எந்தத் தேதியில் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒவ்வொரு நகரத்துக்கும் தனியாக ஒரு நாட்காட்டி இருக்கிறது. பார்சிலோனாவில் 2006 முதல் நடந்துவரும், கைப்பேசித் துறையினர் கூடும் மொபைல் உலக மாநாட்டின் வாரத்தில் அறைகள் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மாநாடு முடிந்து சில நாட்களில் அதே அறை மீண்டும் தரைக்கு வந்துவிடும். மியூனிக்கில் செப்டம்பர் கடைசியில் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா நடக்கும்போதும் இதே கதைதான். பெயரில் அக்டோபர் இருப்பதால் செப்டம்பரில் பாதுகாப்பாக முன்பதிவு செய்துவிட்டதாக நினைத்த இருவர் எனக்கு வாடிக்கையாளர்களாக இருந்திருக்கிறார்கள்.

வார நாள், வார இறுதி என்ற கணக்கும் ஊருக்கு ஊர் தலைகீழாக மாறும். சுற்றுலாவை நம்பிய நகரங்களில் சனிக்கிழமை இரவுதான் விலை உச்சம். பிரஸ்ஸல்ஸ், ஃப்ராங்க்ஃபர்ட் போன்ற அலுவல் நகரங்களில் கோட்டு அணிந்தவர்கள் வெள்ளியோடு வீடு திரும்பிவிடுவதால், நல்ல ஓட்டல்களே சனி, ஞாயிறுகளில் இறங்கி வரும். சில நேரம் மூன்று பேர் சேர்ந்தால் அந்த அறை, பகிர்வு அறையில் மூன்று படுக்கை எடுப்பதற்குச் சமமாக வந்துவிடுகிறது. இந்த ஒரு தகவலால் மட்டும் எனக்கு நன்றி சொன்னவர்கள் நிறைய.

படுக்கை என்றதும் இதைச் சொல்லவேண்டும். இளைஞர் விடுதி என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர். 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல் மழையில் மாட்டி, ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழித்தபோது அவருக்குத் தோன்றிய யோசனை அது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி திறக்கப்பட்டது. நூறாண்டு தாண்டியும் அதன் அடிப்படை மாறவில்லை. கூரை பொது, அடுப்பு பொது, பூட்டு மட்டும் உங்களுடையது. ஆமாம், பூட்டை நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும். பெட்டகம் இலவசம், பூட்டு வாடகைக்கு என்று வைத்திருக்கும் விடுதிகள் உண்டு.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், கடந்த மூன்று மாதங்களில் எழுதப்பட்ட மிக மோசமான பத்து விமர்சனங்களைப் படியுங்கள். சத்தம் என்று புலம்பியிருந்தால், கொண்டாடப் போகிறவருக்கு அது விளம்பரம்தான். மூட்டைப்பூச்சி என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் பையைக் கட்டிலில் வைக்காமல் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் தையல் ஓரங்களைத் தூக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அப்போதே வேறு அறை கேளுங்கள். வயது விதியையும் படியுங்கள். சில விடுதிகள் பகிர்வு அறைக்கு அதிகபட்ச வயது வரம்பு வைக்கின்றன. அமெரிக்காவில் 21 வயது நிறையாதவருக்கு அறை தராத ஓட்டல்கள் உண்டு. கார் வாடகைக்கு எடுத்தால் 25 வயதுக்குக் குறைந்தவருக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு.

தனி வீட்டை வாடகைக்கு எடுத்தால் இன்னும் மலிவு என்பவர்கள், அந்த ஊரின் சட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், பதிவு செய்யாத வீடுகளை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதை நகர நிர்வாகம் கறாராகத் தடுக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான வீட்டில் முன்பணம் கட்டிவிட்டு, கிளம்புவதற்கு முந்தைய நாள் ரத்துச் செய்தி பெற்ற ஒரு குழுவுக்கு நான் நடு இரவில் அறை தேடியிருக்கிறேன். விளம்பரத்தில் போட்ட விலையோடு நகர வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் வரி. வெனிஸ் அதே ஆண்டு முதல், தங்காமல் ஒரு நாள் மட்டும் வந்துபோகிறவர்களிடமும் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது.

இனிப் பணம் கேட்காத சந்தோஷங்கள். லண்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 டிசம்பரிலிருந்து கட்டணமே கிடையாது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களும் அப்படியே. அங்கேயே மூன்று நாளை ஓட்டிவிடலாம். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். வரிசை நீளமாக இருக்கும். ஆனால் வேகமாக நகரும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகில் 1997 முதல் கட்டணமில்லை. சுமார் 25 நிமிடப் பயணத்தில் சுதந்திர தேவி சிலையைக் கடந்து போகலாம். பணம் கட்டிச் சுற்றுலாப் படகில் போகிறவர் பார்க்கும் அதே சிலைதான். லக்ஸம்பர்க் நாட்டில் 2020 முதல் பஸ், டிராம், ரயில் இரண்டாம் வகுப்பு எல்லாம் யாருக்கும் இலவசம், வெளியூர்க்காரர் உட்பட. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஆர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை. ஞாயிறு வந்து செவ்வாய் திரும்புகிறவர் இதைக் கதவு முன்னால் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது.

“26 வயதுக்குள் இலவசம்” என்ற பலகையைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பதற்கு முன் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். பிரான்ஸின் தேசிய அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கான சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களை மனதில் வைத்தது. அங்கே படிக்கும் நண்பர் எழுதியது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். மாணவர் என்றால் சர்வதேச மாணவர் அடையாள அட்டை வாங்குங்கள். படிப்பை முடித்துவிட்டவர் என்றாலும் முப்பது வயது வரை இளைஞர் பயண அட்டை கிடைக்கும். இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே குறைவு. இலவச நடைச்சுற்றுலா என்பது இலவசமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வழிகாட்டி அன்பளிப்பை நம்பித்தான் பேசுகிறார். பல இடங்களில், வந்த தலைக்கு இவ்வளவு என்று அவர் தன் நிறுவனத்துக்குக் கட்டவேண்டியும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டுக் கடைசித் திருப்பத்தில் நழுவுவது அழகல்ல.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம், “உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா?” என்று மரியாதையாகக் கேட்கும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தை இயந்திரத்தின் பின்னால் இருப்பவர் நிர்ணயிப்பார். அதில் அவருடைய லாபமும் ஒளிந்திருக்கும். அறை பதிவு செய்த செயலிக்குள்ளேயே, “உங்கள் கார்டை மீண்டும் சரிபார்க்க இந்த இணைப்பை அழுத்தவும்” என்று ஓட்டலின் பெயரில் செய்தி வந்தால் தொடாதீர்கள். ஓட்டலின் கணக்கைத் திருடியவர்கள் அங்கிருந்தே அனுப்புவது அது. ஓட்டலைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் கண்டிப்பாகும். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மதுவைக் குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் ஆஸ்திரேலியப் பெண்கள் இருவருக்கும் பத்தொன்பது வயது. மெத்தனாலுக்குத் தனி நிறமோ, பிரித்தறியக்கூடிய ருசியோ கிடையாது. குடித்து 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் பெரும்பாலும் வேலையைக் காட்டும்: வாந்தி, கடும் தலைவலி, கண் மங்குதல், மூச்சுத் திணறல். மறுநாள் காலைத் தலைவலி என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பதுதான் உயிரை வாங்குகிறது. பார்வை பனிமூட்டமாகத் தெரிந்தால் அந்த நிமிடமே மருத்துவமனை. சீக்கிரம் போனால் மாற்று மருந்து இருக்கிறது. இலவசமாக நீட்டப்படும் கோப்பை, பெரிய பாத்திரத்தில் கலந்த பானம், முத்திரை உடைந்த பாட்டில் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் பார்த்தவரை பயணங்களைக் கெடுப்பது பெரும்பாலும் திருடனோ மழையோ கிடையாது. ஐந்து பேர் போனால் அதில் ஒருவரிடம் மற்றவர்களைவிடப் பணம் குறைவாக இருக்கும். அவர் அதைச் சொல்லமாட்டார். முதல் நாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். இரண்டாம் நாள், “எனக்குப் பசியில்லை” என்று வெளியே நிற்பார். மூன்றாம் நாள் சண்டை வரும். சண்டைக்குக் காரணமாக வேறு ஏதாவது சொல்லப்படும். அதனால் குழுவாக வருபவர்களிடம் ஒரு வேலை கொடுப்பேன். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில், பெயர் போடாமல், ஒரு நாளைக்குத் தன்னால் எவ்வளவு முடியும் என்று எழுதவேண்டும். இருப்பதிலேயே குறைந்த தொகைதான் எல்லாருக்கும் வரம்பு. அந்த அளவுக்குப் பொதுப்பணம் சேர்த்து, ஒருவர் கையில் கொடுத்துவிடவேண்டும்.

போன மாதம் ஒரு குழுவுக்கு இப்படிச் சீட்டு வாங்கிப் பிரித்தேன். நான்கு சீட்டுகளில் பெரிய தொகை, ஒன்றில் பாதி. யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெண் மட்டும் கணிப்பொறித் திரையை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பி, “அப்படியானால் வியாழன் போய் ஞாயிறு திரும்பலாமா அக்கா? அறை எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்” என்றாள். பார்த்தோம். அந்தப் பாதித் தொகைக்குள் மூன்று இரவுகள் அடங்கின.