சுளுக்கு என்று நினைத்து உருவாதீர்கள்

போன வாரம் மும்பை மாட்டுங்காவில் என் கிளினிக்குக்கு ஒரு பையன் நொண்டிக்கொண்டே வந்தான். வயது 23. ஒரு கம்பெனி அணிக்காகச் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிறவன். கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்டு) தாவி இறங்கும்போது எதிராளியின் ஷூ மேல் கால் விழுந்து பாதம் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. அது நடந்து மூன்று வாரமாகிறது. சாக்ஸைக் கழற்றியதும் நல்லெண்ணெய் வாசம். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாகவே பின்னால் தடவிக்கொண்டு போனால் நடுவில் ஓர் எலும்பு துருத்தி நிற்கும். அங்கே என் விரல் பட்டதுமே கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எக்ஸ்ரேயில் ஐந்தாவது பாத எலும்பு முறிந்திருந்தது. அந்தக் காலைத்தான் தாராவியில் ஒருவர் மூன்று தடவை எண்ணெய் போட்டு உருவி, இழுத்து விட்டிருக்கிறார்.

"சுளுக்குதானம்மா, ரெண்டு நாள் தடவுனா போயிரும்னு நெனச்சோம்" என்றார் அவனுடைய அம்மா. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த மழைக்காலத்தில் மட்டும் இப்படி வந்த நான்காவது கால் இது.

'நரம்பு பிசகிடுச்சு' என்கிறார்கள். எந்த நரம்பும் பிசகுவதில்லை. கால் மடங்கும்போது கணுக்காலின் வெளிப்பக்கம் எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் தசைநார் கிழிகிறது. பாதி கிழிந்த துணியை இழுத்தால் கிழிசல் மூடுமா? உருவினதும் வலி லேசாகிறதே என்பீர்கள். எந்த இடத்தைத் தேய்த்தாலும் கொஞ்ச நேரம் வலி மட்டுப்படும். சின்னக் கிழிசல் தானாகவே பத்து நாளில் அடங்கிவிடும், பெயர் தடவினவருக்குப் போகும். 'டக்'கென்று சத்தம் கேட்டதே என்பீர்கள். விரலில் சொடக்கு எடுத்தாலும்தான் சத்தம் வருகிறது, அதனால் விரலில் எது இடம் மாறி உட்கார்ந்தது?

எலும்பு முறிந்திருக்குமோ என்று பார்க்கக் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி எளிமையானது. அடிபட்டவுடனும் பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்கால் மொழியின் பின் ஓரத்தில், அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்துக்குள், எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நான் மேலே சொன்ன வெளி ஓர எலும்பில் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எக்ஸ்ரே எடுங்கள். அந்த வெளி எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, லேசில் கூடாது. 2014இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் கெவின் டுரான்ட்டுக்கு அங்கேதான் முறிந்தது. மூன்று அறுவை சிகிச்சைகள். அந்த சீசனில் அவர் ஆடியது 27 ஆட்டங்கள்தான்.

எலும்பு நன்றாக இருக்கிறதென்றால் அடுத்த தவறு ஆரம்பிக்கும். வீக்கம் வடிந்ததும் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். கிழிந்த தசைநாரோடு சேர்ந்து, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வும் மங்கிப்போகிறது. அதனால்தான் ஒருமுறை மடங்கின கால் மறுபடி மறுபடி மடங்குகிறது. இன்னொரு என்.பி.ஏ. வீரர் ஸ்டீபன் கரிக்கு 2011, 2012 என்று இரண்டு வருடமும் வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் வருடக்கணக்கில் இடுப்பையும் தொடையையும் வலுவாக்கினார்.

நீங்கள் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். முப்பது விநாடி ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், அடுத்து ஒற்றைக்காலில் குதித்து இறங்குங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பாதத்தை வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் இன்னும் ஆடத் தயாராகவில்லை. உயரமான கழுத்து ஷூ காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ஏற்கனவே மடங்கின காலுக்குக் ஷூ மாதிரி கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸ் போடுங்கள், அது உதவும்.

ஷாட் அடிக்கிறவன் இறங்கும் இடத்தில் காலை நீட்டாதீர்கள். 2017இல் எதிராளி அப்படி நீட்டிய காலின் மேல் இறங்கித்தான் என்.பி.ஏ. வீரர் கவாய் லெனர்ட் அடிபட்டார், அதே வருடம் இப்படிக் காலை நீட்டுவதற்கு எதிரான விதியை என்.பி.ஏ. கடுமையாக்கியது.

விரல் பந்தில் இடித்தால் யாரும் பிடித்து இழுக்காதீர்கள். நுனி தொங்கினால் ஆறு வாரமாவது இடைவிடாமல் நேராகக் கட்டிவைக்க வேண்டும், நடுவில் ஒருமுறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநாருக்கு அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்கு இறங்காதீர்கள். பெண்கள் அணிப் பயிற்சியாளர்களே, ஏ.சி.எல். கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்ளே சாய்கிறதா என்று தினம் பாருங்கள். கெண்டைக்கால் வலியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். 2025 என்.பி.ஏ. இறுதித் தொடரில் அந்த வலியோடு ஆடிய டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு 7ஆவது ஆட்டத்தில் குதிகால் நாண் அறுந்தது.

இந்தப் பையனின் மேனேஜர் நேற்று போன் செய்தார். ஊசி போட்டு ஞாயிற்றுக்கிழமை இறக்கலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். சார், தயவுசெய்து அவன் சம்பளத்தை நிறுத்தாதீர்கள். அந்தப் பயத்தில்தான் மூன்று வாரம் வலியை மறைத்தான். எலும்பு மருத்துவர் ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு நானே உங்களைக் கூப்பிடுகிறேன்.