அடக்க முடிகிறதே, அப்புறம் ஏன் செய்கிறாய்?

டூரெட் சிண்ட்ரோம் என்ற நரம்புக் கோளாறு பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்குகிறது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தை ஒன்று திடீரென்று கண்களை இறுக்கி இறுக்கிச் சிமிட்ட ஆரம்பிக்கும். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனால் கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. சில வாரங்களில் சிமிட்டல் தானாக நின்றுவிடும். அதன் இடத்தில் மூக்கைச் சுளிப்பது, தலையை ஒரு பக்கமாக வெட்டுவது, தோளைக் குலுக்குவது என்று வேறொன்று வந்து சேரும். இன்னும் கொஞ்ச காலம் கழித்துத் தொண்டையைச் செருமுவதும் மூக்கை உறிஞ்சுவதும் தொடங்கும். இந்த முறை அலர்ஜி என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள். ‘வகுப்பில் வேண்டுமென்றே சத்தம் போடுகிறான்’ என்று இதற்கிடையில் பள்ளியிலிருந்து புகார் வந்திருக்கும். டூரெட் என்ற பெயரை அந்தக் குடும்பம் முதன்முதலில் கேட்பதற்குள் சில வருடங்கள் ஓடிவிடுவது சகஜம்.

இப்படித் திடீரென்று வந்து, திரும்பத் திரும்ப நிகழும் அசைவுகளையும் ஓசைகளையும் மருத்துவர்கள் ‘டிக்’ என்கிறார்கள். அசைவு டிக்குகள் இரண்டாவது இருக்க வேண்டும், குரல் டிக் ஒன்றாவது இருக்க வேண்டும், 18 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஓராண்டுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அப்போதுதான் அது டூரெட். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டித் தராது. பார்த்தும், கேட்டும், விசாரித்தும்தான் கண்டறிய வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூறு பேருக்கு ஒருவர் அல்லது அதைவிடக் குறைவு என்பது பொதுவான மதிப்பீடு. சிறுமிகளைவிடச் சிறுவர்களிடம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். 10 முதல் 12 வயது வரையிலான காலத்தில்தான் டிக்குகள் உச்சத்தில் இருக்கும். வளர வளரப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும், சிலருக்குக் கிட்டத்தட்ட மறைந்தே போகும், சிலருக்கு ஆயுள் முழுக்கத் தொடரும்.

1885-இல் பாரிஸின் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் ஜில் த லா டூரெட், ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருடைய ஆசிரியர் ஷார்கோ அந்தக் கோளாறுக்கு மாணவரின் பெயரையே வைத்தார். அந்த ஒன்பது பேரில் ஒருவர் பிரபுக் குடும்பத்துப் பெண். ஏழு வயதில் டிக்குகள் தொடங்கி, பின்னாளில் பேச்சின் நடுவே கெட்ட வார்த்தைகளைக் கத்தியவர். அவரைப் பற்றி 1825-லேயே இட்டார் என்ற மருத்துவர் எழுதியிருந்தார். டூரெட் என்றாலே ‘கெட்ட வார்த்தை பேசும் நோய்’ என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. உண்மையில் அப்படி வார்த்தைகள் வருவது டூரெட் உள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர், கொஞ்சம் கூடினால் இருவர். மற்றவர்களுக்குச் செருமல், உறிஞ்சல், சின்னக் கூவல், ஏதோ ஒரு சொல், அவ்வளவுதான். இந்தத் தவறான எண்ணம் செய்யும் கெடுதல் பெரியது. ‘நீ கெட்ட வார்த்தை பேசுவதில்லையே, உனக்கு எப்படி டூரெட் இருக்கும்?’ என்று கேட்டே பலருடைய கஷ்டம் நம்பப்படாமல் போகிறது.

மூளையில் என்ன நடக்கிறது? ஒரு கையை அசைக்க வேண்டுமென்றால் மூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதி மட்டும் வேலை செய்தால் போதாது. அங்கிருந்து கிளம்பும் சமிக்ஞை மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்புத் திரள்களுக்குப் போய், தலாமஸ் என்ற இன்னொரு பகுதி வழியாக மறுபடியும் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றுப்பாதையின் முக்கியமான வேலை, அந்த நேரத்துக்கு வேண்டிய அசைவை அனுமதித்து, வேண்டாத மற்ற எல்லாவற்றையும் அடக்கி வைப்பது. டூரெட்டில் இந்த அடக்குதல் சில இடங்களில் தளர்ந்துபோகிறது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். அதனால் யாரும் கேட்காத ஒரு அசைவு வெளியே வந்துவிடுகிறது. டோபமின் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு; டோபமினின் செயலைத் தடுக்கும் மருந்துகள் டிக்குகளைக் குறைப்பது அதற்கு வலுவான சான்று. 1960-களில் ஹாலோபெரிடால் என்ற மருந்து பலன் தந்த பிறகுதான், இது அடிமனச் சிக்கல் என்றும் வளர்ப்பின் கோளாறு என்றும் அதுவரை சொல்லப்பட்டு வந்த கதை ஆட்டம் கண்டது. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் தங்களையே குற்றவாளியாக நினைத்து வாழ்ந்திருப்பார்கள். பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. ஒரே கருவில் தோன்றிய இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, தனித்தனிக் கருவில் தோன்றிய இரட்டையரைவிட மிக அதிகம்.

சரி, தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். டூரெட் உள்ள பிள்ளையைப் பார்த்து ஆசிரியரும் உறவினரும் கேட்பது இதைத்தான். விருந்தாளி வந்தால் அடக்குகிறாய், தேர்வு அறையில் அடக்குகிறாய், வீட்டுக்கு வந்தால் மட்டும் ஏன் செய்கிறாய்? அவர்கள் கண்டது பொய்யில்லை. பலரால் சிறிது நேரம் அடக்க முடிகிறது. தவறு, அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டே கண் சிமிட்டாமல் இருந்து பாருங்கள். முதல் சில நொடிகள் ஒன்றும் தெரியாது. பிறகு கண்ணில் ஓர் அரிப்பு, ஓர் எரிச்சல். சிமிட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கம். இதற்குள் படித்த வரி மனதில் ஏறியிருக்காது. டூரெட் உள்ளவர்கள் பலர் சொல்லும் அனுபவம் இதற்கு மிக நெருக்கமானது. டிக் வருவதற்கு முன் அந்தத் தசையிலோ தொண்டையிலோ ஒரு குறுகுறுப்பு, இறுக்கம், ஏதோ சரியாக இல்லாத உணர்வு. டிக்கைச் செய்தால் ஒரு கணம் தணியும், மீண்டும் சேரும். பத்து வயதுக்கும் குறைந்த பிள்ளைகள் பலருக்கு இந்த முன்னுணர்வைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வளர்ந்த பிறகுதான் பிடிபடும். டிக்குக்குச் சற்று முன் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, உடலின் உள் உணர்வுகளைக் கவனிக்கும் இன்சுலா என்ற பகுதி சுறுசுறுப்படைவது தெரிந்தது. சாதாரண மனிதர்கள் கண் சிமிட்டலை அடக்கும்போதும் அதே பகுதி இயங்குகிறது. ஆகவே அந்த நெருக்கம் சாக்கு அல்ல.

அடக்குவதற்கு விலை உண்டு. அந்த விலை, கவனம். கணக்குப் பாடம் நடக்கும் முக்கால் மணி நேரமும் கழுத்தை வெட்டாமல் இருக்கப் பாடுபட்ட பிள்ளைக்குக் கணக்கு எங்கே காதில் விழும்? அமைதியாக உட்கார்ந்திருந்தான் என்று ஆசிரியர் மெச்சுவார், மதிப்பெண் குறைந்தால் சோம்பேறி என்பார். போதாக்குறைக்கு, டூரெட் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏடிஎச்டி (கவனக் குறைவும் அடங்காத துறுதுறுப்பும்), ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது), பதற்றம் போன்ற ஏதாவது ஒன்று கூடவே இருக்கும். டிக்குகளைவிட அவைதான் அதிகம் படுத்துகின்றன என்று சொல்பவர்கள் நிறைய.

டிக்குகள் இருக்குமிடத்தைப் பொறுத்து மாறுகின்றன. நோயாளி தனியாக இருக்கும்போது வீடியோ எடுத்தும், மருத்துவர் கூட இருக்கும்போது எடுத்தும் ஒப்பிட்டிருக்கிறார்கள். தனியாக இருக்கும்போதுதான் டிக்குகள் அதிகம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று மருத்துவர் சொல்வதும், பெற்றோர் திகைத்துப் போவதும் இதனால்தான். ஆனால் மற்றவர் பார்வை டிக்கைக் குறைக்கும் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. டிக்குகளைப் பற்றிப் பேசினாலே அவை கூடும். பதற்றமும் களைப்பும் கூட்டும், மிகுந்த உற்சாகமும் கூட்டும். யாரோ முறைத்துப் பார்க்கும்போது வெளியே அடக்குதலும் உள்ளே உந்துதலும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. ‘நிறுத்து’ என்று சொன்னால் கவனம் நேராக டிக்கின் மேல் போகிறது, அங்கே கவனம் போனதும் உந்துதல் இன்னும் உறைக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கோளாறைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். வேறு பல நோய்களில் மற்றவர்களின் பார்வை நோயாளியின் மனதைத்தான் நோகடிக்கும். டூரெட்டில் அது மனதை நோகடிப்பதோடு நோயின் ஓட்டத்துக்குள்ளேயே புகுந்து வேலை செய்கிறது. முறைப்பவரும், சிரிப்பவரும், கண்டிப்பவரும் அடுத்த டிக்கின் காரணங்களில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்மை. கவனம் முழுக்க ஒரு வேலையில் மூழ்கும்போது பலருக்கு டிக்குகள் ஓய்ந்துவிடும். அமெரிக்காவின் முன்னாள் கால்பந்து கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்குச் சிறு வயதிலிருந்தே டூரெட் உண்டு. 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிரான ஆட்டத்தில் பதினைந்துக்குக் குறையாத கோல் முயற்சிகளைத் தடுத்துப் பேர் வாங்கியவர். பந்து கோல் பக்கம் நெருங்கி நிலைமை தீவிரமாகும்போது டிக்குகள் வருவதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பாடகி பில்லி ஐலிஷ் வேறொரு அனுபவத்தைப் பகிர்ந்தார்: தன் டிக்கைப் பார்ப்பவர்கள் வேடிக்கை காட்டுவதாக நினைத்துச் சிரிக்கிறார்கள், அது மிகவும் புண்படுத்துகிறது என்று.

கெட்ட வார்த்தை வரும் அந்தச் சிலருடைய நிலைமைதான் மிகக் கொடுமை. இடத்துக்கு எது கொஞ்சமும் பொருந்தாதோ, எதைச் சொல்லவே கூடாதோ, அதுதான் வாயில் வரும். ‘மனதில் இருப்பதுதான் வருகிறது’ என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையே அந்தச் சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கிறது. சொன்னவருடைய கருத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காது கேளாத, சைகை மொழி பேசும் டூரெட் நோயாளிகளிடம் இதே டிக் கைச் சைகைகளாக வந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சிகிச்சை உண்டு, முற்றிலும் குணமாக்கும் மருந்துதான் இல்லை. டிக்குகள் தொல்லை தராவிட்டால் சிகிச்சையே தேவைப்படாது. தொல்லை தந்தால் இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது நடத்தைப் பயிற்சி. உந்துதல் எழுவதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டு, டிக்கோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத வேறொரு மெல்லிய அசைவை அந்த நேரத்தில் செய்ய வேண்டும். கழுத்து வெட்டும் என்றால், முகவாயைச் சற்று உள்ளிழுத்து, உந்துதல் தணியும் வரை கழுத்தை மெதுவாக இறுக்கிப் பிடிப்பது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 126 பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். பத்து வாரப் பயிற்சிக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நன்றாக முன்னேறினார்கள். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் அப்படி முன்னேறியவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அடக்கினால் பின்னால் இரட்டிப்பாக வெடிக்கும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை.

அந்தப் பயிற்சியின் இன்னொரு பாதி சுற்றியிருப்பவர்களுக்கானது. டிக் வந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? கண்டிக்கிறார்களா, சமாதானப்படுத்துகிறார்களா, வீட்டுப்பாடத்திலிருந்து விடுவிக்கிறார்களா? இவற்றில் எது டிக்கை வளர்க்கிறது என்று பார்த்து மாற்றச் சொல்வார்கள். பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் எளிமையானது: டிக்கைப் பற்றி எதுவும் சொல்லாமல், பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடருங்கள். ஆனால் இதைக் கடைப்பிடிப்பது கடினம். குழந்தை கழுத்தை வெட்டி வெட்டி வலியில் துடிக்கும்போது எந்தத் தாய்க்குச் சும்மா இருக்க முடியும்? வலிக்குக் கட்டாயம் உதவ வேண்டும். டிக்கைப் பற்றிய விமர்சனத்தைத்தான் விட வேண்டும்.

பள்ளியில் மாற்ற வேண்டியவையும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். முதல் வரிசையில் உட்கார வைத்தால் வகுப்பு முழுவதும் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறது என்ற நினைப்பே அரிக்கும். பக்கவாட்டில், பின்பக்கமாக இருக்கை கொடுக்கலாம். அனுமதி கேட்காமல் சில நிமிடம் வெளியே போய் வர விடலாம். தேர்வைத் தனி அறையில், கூடுதல் நேரத்தோடு எழுத விடலாம். அங்கே அடக்க வேண்டியதில்லை, கவனம் தாளில் இருக்கும். சக மாணவர்களுக்கு விஷயத்தை விளக்கினால் கிண்டல் குறையும். ஆனால் அதை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் செய்யக் கூடாது. சிலர் தாங்களே வகுப்பின் முன் நின்று சொல்ல விரும்புவார்கள், சிலருக்கு ஆசிரியர் மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.