பாலை வெட்டலாம், மரத்தை வெட்ட வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் மரத்தை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நிரை நிரையாகப் பட்டை சீவி, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவதைப் பார்த்த குடும்பங்கள் எங்களுடையவை. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், கட்டையைத் தொட்டுவிடக் கூடாது என்று அம்மா சொல்வார். தொட்டால் மரம் புண்ணாகும், அடுத்த ஆண்டுகளில் அந்த இடத்தில் பால் கிடைக்காது.

பக்கத்து ஊரான கோலகங்சாரில், 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளின் வழி வந்தது அது. அந்த விதைகள் மலாயாவின் பொருளாதாரத்தையே மாற்றின. அமேசான் காட்டு மக்களுக்கோ அதில் ஒரு பங்கும் இல்லை. காட்டிலிருந்து மருந்து தேடும் ஆராய்ச்சிக்கு யார், எப்போது, எதற்காகப் பணம் தர வேண்டும் என்ற கேள்வி எழும்போது எனக்கு முதலில் நினைவு வருவது இந்த மரம்தான்.

1987-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காகச் செடி சேகரித்தவர்கள், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் லுண்டு என்ற ஊர் அருகே ஒரு பிந்தாங்கோர் மரத்திலிருந்து மாதிரி எடுத்தார்கள். நம் புன்னைக்கு நெருங்கிய உறவு அது. ஆய்வகத்தில் அதன் சாறு எச்.ஐ.வி. கிருமியை அடக்கியது. இந்தக் கிருமி தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதினால்தான் நம் செல்லுக்குள் குடியேற முடியும். எழுதித் தருவது ஒரு நொதி. அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு எழுத்தை நிறுத்தியது கேலனோலைடு ஏ என்ற மூலக்கூறு.

மேலும் மாதிரி எடுக்கத் திரும்பிப் போனபோது மரம் இல்லை, வெட்டிவிட்டார்கள். சுற்றியிருந்த மற்ற பிந்தாங்கோர் மரங்களில் அந்த வீரியம் கிடைக்கவில்லை. ஒரே பேரினத்துக்குள்ளேயே இரசாயனம் மரத்துக்கு மரம் மாறும். நல்லவேளையாக, சேகரித்தவர்கள் கிளையை உலர்த்தி, இடம் குறித்து, சான்று மாதிரியாக வைத்திருந்தார்கள். அதை வைத்து இனத்தை உறுதிசெய்து, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் நின்ற அதே வகை மரத்தைக் கண்டுபிடித்தார்கள். உலர்ந்த இலையைத் தாளில் ஒட்டி எண்ணிடுவது சின்ன வேலையாகத் தெரியலாம், ஆனால் ஒரு மருந்தின் வழியே அதில்தான் அடங்கியிருந்தது.

பிறகு இன்னொரு பிந்தாங்கோர் இனத்தில் கேலனோலைடு பி கிடைத்தது. வீரியம் சற்றுக் குறைவு என்றாலும் அது மரத்தின் பாலிலேயே இருந்தது. பட்டையைச் சீவிப் பால் எடுத்தால் போதும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அம்மாவின் கத்திதான் நினைவுக்கு வந்தது.

இந்தத் தேடல் மிக மெதுவானது. சாற்றைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் கிருமியிடம் சோதித்து, வேலை செய்யும் பகுதியை மறுபடி பிரித்து, கடைசியில் ஒற்றை மூலக்கூறை அடைய வேண்டும். 1960 முதல் 1982 வரை அதே புற்றுநோய்க் கழகம் புற்றுநோய்க்கு மருந்து தேடிச் சோதித்த தாவரச் சாறுகள் ஏறக்குறைய 1,14,000. அவற்றிலிருந்து வந்த பெரிய பெயர்கள் டாக்சால், கேம்ப்டோதெசின் என ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். கேலனோலைடுகூட மனிதச் சோதனைகள் வரை போனதே தவிர, மருந்துக் கடைக்கு வரவில்லை. ஆகவே, மருந்து விற்ற பிறகு பங்கு தருகிறோம் என்ற வாக்கை மட்டும் நம்பினால், காட்டைக் காப்பவர் கைக்கு அநேகமாக எதுவும் வராது.

இதை உணர்ந்துதான் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம், தேசிய அறிவியல் அறக்கட்டளை, பன்னாட்டு வளர்ச்சி முகமை ஆகிய மூன்றும் சேர்ந்து 1993-இல் பன்னாட்டுக் கூட்டுப் பல்லுயிர்க் குழுக்களுக்குப் பணம் தரத் தொடங்கின. மருந்து தேடல், காட்டுப் பாதுகாப்பு, உள்ளூர் வருமானம் மூன்றும் ஒரே திட்டத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் குழுக்களில் பனாமா குழு எனக்கு மிகவும் பிடித்தது. சூழலியலாளர்களான பில்லிஸ் கோலியும் தாமஸ் குர்சாரும் கண்மூடித்தனமாக இலை பறிக்கவில்லை. இளந்தளிர் மென்மையானது, புழுவுக்குப் பிடித்தமானது. முற்றிய இலைக்குத் தடிப்பு காவல் என்றால், தளிருக்கு இரசாயனமே காவல். அதனால் தளிரையே தேடிப் பறித்தார்கள், சோதனைகளையும் பெரும்பாலும் பனாமாவின் ஆய்வகங்களிலேயே நடத்தினார்கள். மருந்து வருகிறதோ இல்லையோ, பயிற்சி பெற்ற இளைஞர்களும் கருவிகளும் அந்த மண்ணில் தங்கின.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் மாயா மக்களோடு தொடங்கிய குழு, யாருடைய சம்மதம் முழுச் சமூகத்தின் சம்மதம் ஆகும் என்ற சண்டையில் 2001-இல் நின்றுபோனது. எதிர்த்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரப்பர் விதைகளின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் புரியும்.

மலேசியாவில் இதற்கென 2017-ஆம் ஆண்டின் உயிரியல் வள அணுகல், பயன் பகிர்வுச் சட்டம் இருக்கிறது. சரவாக் பல்லுயிர் மையம் உள்ளூர்ப் பழங்குடிச் சமூகங்களோடு சேர்ந்து அவர்களின் செடி அறிவைப் பதிவுசெய்கிறது. கெலாபிட், லுன் பாவாங் மக்கள் வடிக்கும் ஒரு மலை மரத்தின் நறுமண எண்ணெய் 'லிட்சாரா' என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அது மருந்து அல்ல. ஆனால் அந்த எண்ணெய்க்கு மரம் நிற்க வேண்டும், அதை வடிப்பவர் கையில் இன்றே காசு சேர்கிறது.