சம்பளம் 8,000 வெள்ளி, வீடு 6 லட்சம்: வங்கி எவ்வளவு தரும்?

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் தே குடித்துக்கொண்டிருந்தபோது தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, எனக்கும் மனைவிக்கும் சேர்த்துச் சம்பளம் 8,000 வெள்ளி, 6 லட்சத்துக்கு ஒரு மறுவிற்பனை வீவக வீடு பார்த்திருக்கோம், பேங்க்ல கிடைச்சுடும்ல?" (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர், வீவக என்றால் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்.) ரசீதைத் திருப்பி அதன் பின்னாலேயே கணக்குப் போட்டோம்.

முதல் தடை எல்டிவி, அதாவது வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்ற வரம்பு. வேறு வீட்டுக்கடன் எதுவும் இல்லாதவருக்கு வங்கி அதிகபட்சம் 75% தான் தரலாம், அதாவது 4.5 லட்சம். மீதி 1.5 லட்சம் உங்களுடையது, அதில் 30,000 (5%) கண்டிப்பாக ரொக்கம், மிச்சத்துக்கு மசேநி (மத்திய சேமநிதி) பணத்தை எடுத்துக்கொள்ளலாம். வீவக கடனுக்கும் இப்போது 75% தான். 2021 டிசம்பர் வரை அது 90% ஆக இருந்தது, பிறகு 85, 80 என்று இறங்கி, 2024 ஆகஸ்ட் 20 முதல் 75.

இன்னொன்று, இந்த 75% விற்பவர் சொல்லும் விலைக்கு அல்ல. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். வீட்டுக்காரர் 6.3 லட்சம் கேட்டு, மதிப்பீடு 6 லட்சம் வந்தால், மதிப்பீட்டுக்கு மேல் வரும் அந்த 30,000ஐ, அதாவது சிஓவியை, முழுக்க ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும், மசேநியைத் தொட முடியாது.

அடுத்தது மாதத் தவணை. வீவக வீடு என்றால் எம்எஸ்ஆர்: தவணை சம்பளத்தில் 30%ஐத் தாண்டக்கூடாது. 8,000க்கு 2,400. வங்கி எவ்வளவு குறைந்த வட்டி சொன்னாலும் கணக்கை 4%க்குக் குறையாமல்தான் போடும், 2022 செப்டம்பர் 30 முதல் அப்படித்தான். 4%, 25 வருடம், மாதம் 2,400 என்றால் சுமார் 4.55 லட்சம் வருகிறது. தம்பி முகத்தில் சிரிப்பு.

"சரி, கார் இருக்கா?" என்றேன். இருக்கிறது, மாதம் 1,400. படிப்புக் கடன் 800.

இங்கேதான் டிடிஎஸ்ஆர் வருகிறது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2013 ஜூனில் கொண்டுவந்தது. கார், கிரெடிட் கார்டு, படிப்பு என்று எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் 60%க்குள் இருக்க வேண்டும் என்றிருந்ததை, 2021 டிசம்பரில் 55% ஆக்கினார்கள். 8,000க்கு 4,400. அதில் 2,200 ஏற்கெனவே போய்விட்டதால் வீட்டுக்கு மிஞ்சுவது 2,200, அதற்குக் கிடைக்கும் கடன் ஏறக்குறைய 4.17 லட்சம்தான். தேவைப்படும் 4.5 லட்சத்தில் 33,000 துண்டு விழுகிறது. கமிஷன், போனஸ் மாதிரி ஏறி இறங்கும் வருமானம் என்றால் அதில் 70% மட்டுமே கணக்கில் வரும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

வயதையும் பார்ப்பார்கள். தவணை கட்டும் காலம் 65 வயதைத் தாண்டினாலோ, வீவக வீட்டுக்கு 25 வருடத்தை மீறினாலோ 75% என்பது 55% ஆகிவிடும், ரொக்கமும் 10% கேட்பார்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால், எல்லாருக்கும் கடன் தாராளமாகக் கிடைத்தால் விற்பவர் அந்த அளவுக்கு விலையை ஏற்றுவார், வாங்குபவரும் போட்டி போட்டுக் கொடுப்பார். வட்டி ஏறும்போது தவணை கட்ட முடியாமல் தவிப்பதும் அவரேதான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு: கொண்டோவை (தனியார் அடுக்குமாடி வீட்டை) விற்றுக் கையில் ரொக்கத்தோடு வருபவரை இந்தக் கடன் வரம்பு ஒன்றும் செய்யாது, முதல் வீடு தேடும் இளம் குடும்பத்தைத்தான் இறுக்கும். இது அரசாங்கத்துக்கும் தெரிந்ததுதான், அதனால்தான் தனியார் வீட்டை விற்றவர் மானியமில்லாத மறுவிற்பனை வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்று 2022ல் விதி வந்தது.

வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே வீவக வீடு வாங்கத் தகுதி உண்டா என்று சொல்லும் எச்எஃப்இ கடிதத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள், அது இல்லாமல் விற்பவரிடம் ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்க முடியாது. வங்கிக் கடன்தான் என்றால் வங்கியின் முன் ஒப்புதலும் கையில் இருக்கட்டும். தம்பி இப்போது படிப்புக் கடனை முதலில் அடைக்கப் பார்க்கிறார், காரை விற்க மனசில்லை.