முழங்கால் வலித்தால் மகளின் கால்பந்தை நிறுத்த வேண்டுமா?

முழங்கால் வீங்கி ஒரு பையன் வந்தால், கூட வரும் அப்பா கேட்பது "எப்போ திரும்ப ஆடலாம் மேடம்?" அதே வீக்கத்தோடு பெண் பிள்ளை வந்தால், "போதும்னு நீங்களே சொல்லிருங்க மேடம், நாங்க சொன்னா கேக்க மாட்டா." விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டாக எனக்கு இது பழகிப்போன பேச்சு, ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது.

பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிவது, கால்பந்து ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆனால் பல நேரம் யாரும் மோதியே இருக்க மாட்டார்கள். குதித்துத் தரையில் இறங்கும்போது, ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பும்போது கிழிந்துவிடும். அதனால்தான் பயிற்சி கொடுத்து ஓரளவு தடுக்கவும் முடிகிறது.

வலி எதுவும் இல்லாத பிள்ளையை ஒரு குட்டை ஸ்டூலிலிருந்து இரண்டு காலும் சேர்த்துக் குதிக்கச் சொல்லி, நேர் எதிரே நின்று பாருங்கள். முழங்கால்கள் பாத விரல்களுக்கு நேராக மடங்க வேண்டும். உள்பக்கமாகச் சரிந்து ஒன்றையொன்று தொடப் போனால், இடுப்பு, தொடைத் தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும், இறங்கும் முறையையும் சொல்லித்தர வேண்டும். அவ்வளவுதான், ஆட்டத்தை நிறுத்தக் காரணமே இல்லை.

இதற்கென்றே 'ஃபிஃபா 11+' என்று 20 நிமிட வார்ம்-அப் இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நம் பள்ளிகளில் பெரும்பாலும் கிரவுண்டை இரண்டு சுற்று ஓடவிட்டு நேராக மேட்ச்தான்.

அப்புறம் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. சீக்கிரம் மூச்சு வாங்குகிறவளைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். மாதவிடாய் நாட்களில் முடிந்தால் ஆடட்டும், முடியாவிட்டால் உட்காரட்டும், அதை அவளே சொல்லட்டும்.

'இதில் என்ன கிடைக்கும்' என்பவர்களுக்கு: இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. மதுரையின் சேது எஃப்.சி 2019-ல் இந்திய மகளிர் லீக் சாம்பியன்.

11+ வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மகளோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, நாளைக்கே அவள் பி.டி. டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாரம் இரண்டு நாளாவது செய்ய வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.