அமிலம் ஊற்றினாலும் இறங்காத சேலத்துத் தண்ணீர்

ஜாகிர் அம்மாபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மீன் டேங்கில் போர் தண்ணீர்தான். பி.எச். 8.2. ராமிரேசி மீனுக்காக அமிலம் விட்டு 7-க்கு இறக்குகிறேன். காலையில் பார்த்தால் பழையபடி 8-க்கு மேல். மீனும் செத்துப்போகிறது. வீட்டுத் திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது என்கிறார்கள்."

பி.எச். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ராமிரேசியும் அபிஸ்டோகிராமாவும் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் தென் அமெரிக்கக் குள்ள இனங்கள். உப்பு குறைந்த, அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் வளர்ந்தவை. நம் ஊரிலோ சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டுகிறோம். அது மக்னீசியம் கார்பனேட். மண்ணிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மழைநீர் இந்தப் பாறைகளுக்குள் இறங்குகிறது. மக்னீசியமும் பைகார்பனேட்டும் ஏறிய தண்ணீராகப் போருக்கு வருகிறது.

சரி, அமிலத்துக்கு என்ன ஆகிறது? அழகே இங்குதான். அமிலம் தருவது ஹைட்ரஜன் அயனி. அது தண்ணீரில் விழுந்ததும் ஒரு பைகார்பனேட் அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகின்றன. இந்தத் தண்ணீரின் பி.எச்.-ஐ முடிவுசெய்வது பைகார்பனேட்டுக்கும் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம். ஊற்றியவுடன் கார்பன் டை ஆக்சைடு பல மடங்கு கூடிவிடுகிறது, அதனால்தான் டெஸ்ட் கிட் 7 காட்டுகிறது. ஆனால் அது வாயு. ராத்திரி முழுக்க ஏர் பம்ப் குமிழி விட, மிகுதியானது காற்றோடு போய்விடுகிறது. பைகார்பனேட் குறைந்தது கொஞ்சம்தான். விகிதம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது, பி.எச்.-உம் கூடவே ஏறுகிறது. நீங்கள் ஊற்றிய அமிலம் வாயுவாகி ஜன்னல் வழியே வெளியே போய்விட்டது!

மீனைக் கொல்வது இந்த ஏற்ற இறக்கம். மீன் கழிவின் அம்மோனியாவில், 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. 8.2-இல் நூற்றில் எட்டு. தினமும் அமிலம் விட்டுக்கொண்டே போனால் பைகார்பனேட் ஒருநாள் தீர்ந்துபோகும். அப்புறம் சில துளியிலேயே பி.எச். சரேலென்று சரியும்.

திருஷ்டிப் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. அந்த ஒரு வார்த்தையோடு யாரும் தண்ணீரைச் சோதிப்பதில்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு ஜோடி மீன் அதே டேங்குக்குச் சாக வருகிறது.

ராமிரேசிதான் வேண்டும் என்றால் அமிலத்தை விட்டுவிட்டு, போர் தண்ணீரில் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து பைகார்பனேட்டையே குறையுங்கள். என்னைக் கேட்டால் மீனை மாற்றுங்கள். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் பி.எச். 9-ஐ ஒட்டி இருக்கும். அங்கும் கால்சியத்தைவிட மக்னீசியமே அதிகம். அந்த ஏரியின் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபாசியாட்டஸ், உலகின் மிகச் சிறிய சிக்லிட்களில் ஒன்று. ஆண் மீனே ஐந்து சென்டிமீட்டரைத் தொடாது. காலி நத்தை ஓடுதான் அதற்கு வீடு, முட்டையிடுவதும் அதற்குள்தான். வாய் நிறைய மணலை அள்ளி அள்ளித் துப்பி, ஓட்டின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி அதைப் புதைத்துவிடும்.

நம் வயல் நத்தையின் ஓடே போதும். கொதிக்கவைத்துக் கழுவி, மீனுக்கு இரண்டு மூன்று என்று போடுங்கள். மணல் நாலு விரல் ஆழம் இருக்கட்டும். பில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பிடித்து, அம்மோனியா சுழியம் காட்டிய பிறகே மீனை விடுங்கள். இந்த பி.எச்.-இல் அதில் மட்டும் அவசரம் கூடாது.